வண்டுச் சத்தமும் ஹெட்போனும்: மன அதிர்ச்சிக்கு 'இசை கேட்கும் சிகிச்சை' செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கிளாலிக்கரை (ஸ்காபரோ, கனடா)
திங்கள், இரவு 10.12

வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 67 வயது. இலங்கையில் போர் முடிந்த 2009 மே வரை வன்னியில் இருந்தவர். இங்கே வந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. பகலில் சமைப்பார், கோயிலுக்குப் போவார், பேரனோடு விளையாடுவார். பார்க்கிறவர்கள் நல்ல சுகமாக இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள். ஆனால் குளிர்சாதனப் பெட்டி 'ர்ர்ர்' என்று ஓடத் தொடங்கியதும் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். எங்கேயும் போகமாட்டார். சும்மா நிற்பார், அது நிற்கும்வரை.

வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆளில்லாத வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் வண்டு. வண்டு தலைக்கு மேலே சுற்றினால் கொஞ்ச நேரத்தில் ஷெல் வரும், இல்லாவிட்டால் குண்டு போடும் கிபிர் விமானம் வரும். அதனால் வண்டுச் சத்தம் கேட்டதும் பங்கருக்கு எத்தனை அடி என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும். அம்மாவின் காது இன்னும் அந்த வேலையை விடவில்லை.

இன்னொன்று. பேரன் அடுத்த அறையில் இருந்து கூப்பிட்டால் அம்மாவுக்குக் கேட்பதில்லை. செவிப்புலன் சோதனை செய்தோம், காது நல்லாக இருக்கிறதாம். மூன்று வீடு தள்ளி லொறி வந்து நிற்பது கேட்கிறது, மூன்று அடி தள்ளிப் பிள்ளை கூப்பிடுவது கேட்கவில்லை. இது எப்படி?

எங்களுக்கு உதவும் சமூகசேவையாளர் ஒரு பயிற்சி சொன்னார். பெயர் சேஃப் அண்ட் சவுண்ட் புரோட்டோகால், சுருக்கமாக எஸ்.எஸ்.பி. ஹெட்போனில் வடிகட்டிய பாட்டுகள் கேட்க வேண்டும், மொத்தம் ஐந்து மணித்தியாலம், அது நரம்பு மண்டலத்தை அமைதிப்படுத்தும் என்கிறார். காசு கொஞ்சமில்லை. பாட்டெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

யாராவது செய்திருக்கிறீர்களா? இது உண்மையா, அல்லது கவலையில் இருப்பவர்களிடம் விற்கும் இன்னொரு சாமானா?

---

செவிச்செல்வம் (கோயம்புத்தூர்)
செவ்வாய், காலை 7.30

நான் செவிப்புலன் பரிசோதனைத் துறையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் அம்மாவைப் பற்றி வாசித்ததும் அந்த லாரியும் பேரனும்தான் மனதில் நின்றது.

காதுக்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சின்ன எலும்புகள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த அங்கவடியைப் பிடித்துக்கொண்டு ஒரு தசை இருக்கிறது. ஸ்டபீடியஸ் என்று பெயர். உடம்பிலேயே மிகச் சின்ன எலும்புத் தசை அதுதான், ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர். அது இறுகும்போது எலும்புச் சங்கிலி விறைத்துக்கொள்ளும். கனமான, தாழ்ந்த ஒலிகள் உள்ளே போவது குறையும். மனிதக் குரலின் மெல்லிய பகுதிகள் அந்த இரைச்சலில் அமுங்காமல் தப்பிக்கும். நாம் பேச வாய் திறப்பதற்குச் சற்று முன்னாலேயே இது இறுகிக்கொள்ளும், நம் குரலே நம்மைச் செவிடாக்காமல் இருக்க.

இந்தத் தசைக்கு நரம்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? முகத்தை அசைக்கிற அதே ஏழாவது கபால நரம்பிலிருந்து. முகவாதம் வந்தவர்களில் சிலர் "வாய் கோணிப்போச்சு" என்று சொல்வதோடு "பாத்திரம் விழுந்தால் காதுக்குள் இடி விழுகிறது" என்றும் சொல்வார்கள். காரணம் இந்தத் தசை தளர்ந்துபோவதுதான்.

இதுவரை சொன்னது உடற்கூறு, சந்தேகமில்லாதது. இனி வருவது ஒருவருடைய கருத்து.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் போர்ஜஸ் 1994இல் பாலிவேகல் கோட்பாடு என்று ஒன்றை முன்வைத்தார். மனிதன் பத்திரமாக உணரும்போது முகம், குரல், காது, இதயம் நான்கும் ஒரே கட்டாக வேலை செய்கின்றன என்பது அவர் வாதம். ஆபத்து என்று உடம்பு முடிவு செய்துவிட்டால் நடுக்காதுத் தசை தளர்ந்து, காது தாழ்ந்த உறுமல்களுக்குத் திறந்துகொள்கிறது. வேட்டை மிருகம் எழுப்பும் ஒலி அந்த வகை. அப்போது மனிதக் குரல் பின்னால் போய்விடும். உங்கள் அம்மாவின் கதை இந்தப் படத்தில் அப்படியே பொருந்துவதுபோலத் தெரியும். அதனாலேயே கவனமாக இருக்கச் சொல்கிறேன். பொருந்துவது வேறு, நிரூபணமாவது வேறு.

எஸ்.எஸ்.பி. இதைத் திருப்பிப் போடப் பார்க்கிறது. குரல் இருக்கிற அலைவரிசையை மட்டும் விட்டு, தாழ்ந்த ஒலிகளை வெட்டி, அந்த வடிகட்டலையும் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். காது குரலைத் தேடிப் போகப் பழகும் என்பது எண்ணம். 2017இலிருந்து பயிற்சி பெற்றவர்கள் வழியாக இது கிடைக்கிறது. முதலில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஐந்து நாள் என்று கொடுத்தார்கள். மன அதிர்ச்சி உள்ளவர்களுக்கு அது அதிகம் என்று தெரிந்த பிறகு சில நிமிடங்களாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். காதை முழுக்க மூடும் ஹெட்போன் வேண்டும், இரைச்சல் நீக்கும் வசதி அணைந்திருக்க வேண்டும். கேட்கும்போது போன் பார்க்கக் கூடாது, படம் வரையலாம், பின்னலாம்.

அம்மாவுக்கு வலிப்பு வந்திருந்தாலோ காதில் இரைச்சல் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

உடலியல் வாத்தியார் (மதுரை)
செவ்வாய், மாலை 6.05

மருத்துவக் கல்லூரியில் உடலியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். செவிச்செல்வம் அம்மா காதைப் பற்றி அழகாகச் சொன்னார். நான் கோட்பாட்டின் மறுபக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் கட்டப்போகிற மகளுக்கு அது தெரிய வேண்டும்.

பாலிவேகல் என்ற பெயரில் இருக்கும் வேகஸ், பத்தாவது கபால நரம்பு. இதயத்தை மெதுவாக்குவது அதன் வேலைகளில் ஒன்று. மூச்சை வெளியே விடும்போது நாடி கொஞ்சம் தாழும், உள்ளே இழுக்கும்போது ஏறும். இதெல்லாம் உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து நீங்களே பார்க்கலாம். போர்ஜஸ் இந்த ஏற்ற இறக்கத்தைப் 'பத்திரமாக இருக்கிறேன்' என்ற நிலைக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டார். நரம்புக்கு ஒரு பரிணாமக் கதையும் சொன்னார், ஊர்வனவற்றுக்குப் பழையது, பாலூட்டிகளுக்குப் புதியது என்று. இரண்டுக்கும் கடுமையான மறுப்பு உண்டு. பால் குரோஸ்மன் 2023இல் இந்தக் கோட்பாட்டின் ஐந்து அடிப்படைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். பாலூட்டிகளுக்கே உரியது என்று சொல்லப்பட்ட அமைப்பு நுரையீரல் மீனிலும் காணப்படுகிறது என்பது அந்தத் தரப்பின் வாதங்களில் ஒன்று.

சிகிச்சைப் பக்கம் வந்தால், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இதற்கு முன்னோடியான ஒலிச் சிகிச்சைகள் எப்படி வேலை செய்தன என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் குழு 2011இல் தொகுத்துப் பார்த்தது. ஏழு சோதனைகள், 182 பேர். ஆதரிக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றுதான் முடிவு வந்தது. எஸ்.எஸ்.பி.க்கு மன அதிர்ச்சியில் இதுவரை வந்தவை சிறிய ஆய்வுகள்தான். பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை வேறு: அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அப்புறம் கண்ணசைவை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர்.

அம்மா இவற்றில் ஏதாவது செய்தாரா? செய்யவில்லை என்றால் அதை முதலில் கேளுங்கள். இசை வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசை மாறக் கூடாது என்கிறேன்.

---

கிளாலிக்கரை
செவ்வாய், இரவு 11.40

ஐயா, கேட்டோம். நாலு கிழமை போனார். நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு பொடியன், என் தம்பியின் வயது. என் தம்பி திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அம்மாவால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. பிறகு போக மறுத்துவிட்டார். அதனால்தான் கதைக்கத் தேவையில்லாத ஒன்று என்றதும் எனக்கு ஆசை வந்தது.

---

உடலியல் வாத்தியார்
புதன், காலை 5.50

மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. அது தெரியாமல் வரிசை பேசிவிட்டேன். சொல்லாமல் தொடங்கக்கூடிய வழி உங்கள் வீட்டுக்கு வேண்டியிருக்கிறது, புரிகிறது.

---

தேம்ஸ் பக்கம் (லண்டன்)
புதன், பிற்பகல் 2.15

அக்கா, நான் செய்திருக்கிறேன். இரண்டு தடவை. முதல் தடவை நடந்ததை எழுதுவது எனக்கு லேசில்லை, ஆனால் அம்மாவுக்கு அப்படி நடக்கக் கூடாது.

எனக்கு வன்முறையான திருமணம் ஒன்று இருந்தது. வெளியே வந்து மூன்று வருடம் கழித்து ஒருவர் இணையவழியில் எஸ்.எஸ்.பி. கொடுத்தார். பெயர் சொல்லவில்லை, அது முக்கியமில்லை. ஒரு மணி நேரமாக ஐந்து நாள் என்று அட்டவணை போட்டார். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு சின்ன ரேடியோவில் இருந்து வருவதுபோல மெலிந்து வரும், சில நேரம் காணாமலே போய்விடும், பிறகு திரும்பி வரும். இரண்டாம் நாள் இரவு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் குளிக்கப் போனவள் குளியலறைத் தரையில் இருந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. பயம்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. கைகால் என்னுடையதில்லை என்பதுபோல. அவருக்கு எழுதினேன். "இது நல்ல அறிகுறி, தொடருங்கள்" என்று பதில் வந்தது.

நான் தொடரவில்லை. இரண்டு மாதம் எந்தப் பாட்டும் கேட்கவில்லை.

பிறகு வேறொரு பெண், நேரே போய்ச் சந்திக்கக்கூடியவர். நாலு சந்திப்பு வெறுமனே கதைத்தோம். உடம்பில் எங்கே முதலில் தெரியும் என்று கேட்டார். எனக்குக் கால்விரல் குளிரும். "அப்போ கால்விரல் குளிர்ந்தால் நிறுத்துவோம்" என்றார். முதல் நாள் மூன்று நிமிடம் கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தார். அடுத்த நாள் கேட்கவில்லை, அதுவும் திட்டத்தில் இருந்தது. ஐந்து மணி நேரத்தை முடிக்க ஐந்து மாதத்துக்கு மேல் போனது. இப்போது கதவு தட்டினால் திடுக்கிடுகிறேன், ஆனால் திறக்கிறேன். முன்பு திறக்கமாட்டேன்.

அதனால் யார் கொடுக்கிறார் என்று பாருங்கள் அக்கா. "இன்றைக்கு வேண்டாம்" என்று அம்மா சொன்னால் அவர் என்ன செய்வார் என்று முதலிலேயே கேளுங்கள். அம்மா சொல்லமாட்டார் என்றால் எந்த அறிகுறியைப் பார்த்து நிறுத்துவார் என்று கேளுங்கள். எங்கள் அம்மாமார் மற்றவர் மனம் நோகும் என்று எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்பார்கள்.

---

செவிச்செல்வம்
புதன், மாலை 4.00

தங்கச்சி, இதை எழுதியதற்கு நன்றி. "மோசமானால் நல்ல அறிகுறி" என்று யார் சொன்னாலும் எந்தச் சிகிச்சையிலும் நிறுத்திவிட்டு இன்னொருவரிடம் கேளுங்கள். தரையில் எழ முடியாமல் உட்கார்ந்திருப்பது 'தொடருங்கள்' என்று சொல்லக்கூடிய விஷயமே இல்லை.

---

நீலாம்பரி (கும்பகோணம்)
புதன், இரவு 9.20

நான் பாட்டு டீச்சர். மருத்துவம் தெரியாது. இந்த ராகம் இந்த வியாதியைத் தீர்க்கும் என்று பட்டியல் போட்டு விற்பதைப் பல வருடம் நானும் நம்பி மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. காரணம் ஒரு மாணவி.

விபத்தில் பிழைத்த பெண். பேருந்து கவிழ்ந்து பல மணி நேரம் உள்ளேயே மாட்டிக்கொண்டவள். மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று பாட்டு கற்க அனுப்பினார்கள். முதல் வகுப்பில் வழக்கம்போல் தம்புரா பெட்டியைப் போட்டேன். அவள் நெற்றி வியர்த்துவிட்டது. மந்தர ஸ்தாயி ஷட்ஜம், அந்தக் கனத்த ரீங்காரம், எனக்கு அம்மா மடி மாதிரி. அவளுக்கு அது இஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த சத்தம்.

அன்றிலிருந்து அவளுக்குப் பெட்டியைப் போடவில்லை. என் குரலில் ஸா மட்டும் பிடித்தேன். அவள் பிடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் நான் பாட, அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மாவிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நாலாவது வாரம் வாய் மூடியபடியே ஒரு ம்ம்ம் வந்தது, சுருதி சேர்ந்து.

இங்கே குரலின் அலைவரிசை, தாழ்ந்த ஒலி என்று எழுதியதை வாசித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. தாலாட்டைப் பாருங்கள். நான் கேட்ட எந்தத் தாலாட்டிலும் மேளம் கிடையாது. பெண் குரல், ஏறி இறங்கும், ஒவ்வொரு அடியும் நீண்ட மூச்சில் முடியும், பாடுகிறவள் நெஞ்சோடு குழந்தை ஒட்டியிருக்கும். கிளாலிக்கரை, உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டு எது?

---

அக்கரைப்பேட்டை (நாகப்பட்டினம்)
வியாழன், காலை 4.45

கடலுக்குப் போகிறவன். நம்ம ஊர்ப் பேரையே வைத்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். என் வீட்டில் மூன்று பேர். அதுக்கப்புறம் தார் அட்டைக் கொட்டகையில் வைத்தார்கள். கடல் சத்தம் அங்கே கேட்காது, ஆனால் எனக்குக் கேட்டது. காற்று கூரையில் மோதினால் அலை. தண்ணீர் லாரி பின்னால் வந்தால் அலை. படுத்தால் காது மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

யாரோ கவுன்சிலிங்குக்கு வந்தார்கள், நல்லவர்கள்தான், பாட்டு கேசட் கொடுத்தார்கள், புல்லாங்குழல். நமக்கு அது ஒட்டவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது ரேடியோவில் ஆள் பேசினால். பாட்டு இல்லை, பேச்சு. விவசாய நிகழ்ச்சி, உரத்துக்கு என்ன செய்யணும், பூச்சிக்கு என்ன அடிக்கணும். எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் அந்த மனுசன் அவசரமே இல்லாமல் பேசுவார். அவசரமில்லாத குரல் கேட்டால் இப்போதைக்கு ஒன்றும் வரவில்லை என்று உடம்புக்குத் தோணும்.

கடலுக்குத் திரும்பப் போக ஒன்றரை வருசம் ஆச்சு. முதல் நாள் மச்சான் படகின் முன்பக்கம், அணியத்தில் நின்று பேசிக்கொண்டே வந்தான். என்ன பேசினான் என்று தெரியாது. பேசிக்கொண்டே வந்தான், அவ்வளவுதான்.

---

வட்டக்கச்சி (யாழ்ப்பாணம்)
வியாழன், இரவு 8.30

அக்கரைப்பேட்டை அண்ணா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

நான் உளவளத்துணையாளர். எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கிளாலிக்கரை அக்காவுக்குப் பயன்படும். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் பல வருடம் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர். வெளிநாட்டில் இருந்து வந்த தளர்வுப் பயிற்சிகளை அப்படியே கொடுக்காமல், சனங்களிடம் ஏற்கெனவே இருந்ததை எடுத்தார். இந்துவுக்கு ஓம், கத்தோலிக்கருக்கு இயேசுவின் பெயர், இஸ்லாமியருக்கு அவர்களின் சொல். அதை மெதுவாக, மூச்சோடு சேர்த்து, திரும்பத் திரும்பச் சொல்வது. சாமியறையில் அம்மாமாருக்கு இது ஒரு புதுப் பயிற்சியே இல்லை, அதனால் செய்தார்கள்.

ஆய்வும் ஒன்று உண்டு. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாம்களில் 8 முதல் 14 வயதுவரையான 31 பிள்ளைகள். போரும் பார்த்தவர்கள், கடலும் பார்த்தவர்கள். பாதிப் பேர் நடந்ததைக் கதையாகக் கோர்த்துச் சொல்லும் சிகிச்சை செய்தார்கள், மறுபாதி தியானமும் தளர்வும். ஆளுக்கு ஆறு அமர்வு. கொடுத்தவர்கள் உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71 சதவீதம் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் என்று சொல்லும்படி இல்லை. 2009இல் வெளிவந்தது.

அதனால் அம்மா சொல்லாவிட்டால் தேறமாட்டார் என்று நினைக்க வேண்டாம். சொல்லும் நாள் வந்தால் வயதில் மூத்த பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

---

உடலியல் வாத்தியார்
வெள்ளி, காலை 6.10

அந்த ஆய்வு எனக்குத் தெரியும். ஒன்றைச் சேர்க்கிறேன்: எதுவும் செய்யாத மூன்றாவது குழு அதில் இல்லை. சுனாமி முடிந்த சில வாரங்களில் தொடங்கியதால் பிள்ளைகள் தாமாகத் தேறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் முகாமில், உள்ளூர் ஆட்கள், ஆறே அமர்வு. நான் மதிக்கும் வேலை.

ஓம் பற்றிச் சொன்னீர்கள். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழு 2001இல் 23 பேரிடம் ஜெபமாலை செபத்தையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லச் சொல்லி அளந்தது. இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்குக்கு இறங்கியது. அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அலைபோல ஒத்து நடக்கும். மதமும் மொழியும் வேறு, மூச்சின் நீளம் ஒன்று.

அதே குழு 2006இல் இசை கேட்க வைத்தது. நம் சிதாரும் இருந்தது. வேகமான இசைக்கு மூச்சும் நாடியும் ஏறின, எதிர்பார்த்ததுதான். ஆனால் நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தினார்கள். அந்த மௌனத்தில்தான் நாடி, இசை தொடங்கும் முன் இருந்ததைவிடக் கீழே போனது. பாடம் நடத்திய காலத்தில் இதை ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் சொல்வேன், ஒவ்வொரு வருடமும் எனக்கே சிலிர்க்கும்.

ஆகவே கிளாலிக்கரை அம்மா, என்ன கேட்டாலும் முடிந்ததும் ஹெட்போனை உடனே கழற்றி எழுந்து போக விடாதீர்கள். கொஞ்சம் சும்மா இருக்கட்டும்.

---

தேம்ஸ் பக்கம்
வெள்ளி, மாலை 5.30

எனக்குப் பயன்பட்ட இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே லண்டனில் 2012இல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. பேச்சுச் சிகிச்சை செய்தும் குணமாகாத 17 பேர். அவர்களில் ஒரு பகுதியினர் பத்து வாரம் குழுவாக உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார்கள். காத்திருந்தவர்களைவிட அவர்களின் அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. கேட்பது மட்டும் இல்லை, சேர்ந்து சத்தம் எழுப்புவது. அதை வாசித்த பிறகுதான் நான் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தேன். வியாழன்தோறும் போகிறேன். பின்வரிசை, கதவுக்குப் பக்கம்.

---

கிளாலிக்கரை
சனி, இரவு 9.55

ஒரு கேள்வி. காசு அதிகம் என்பதால் என் கணவர் சொல்கிறார், வீட்டிலேயே ஒரு செயலியால் பாட்டின் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, வெட்டிக் கேட்க வைக்கலாமே என்று. செய்யலாமா?

---

செவிச்செல்வம்
ஞாயிறு, காலை 8.15

அது எஸ்.எஸ்.பி. ஆகாது. அதில் வடிகட்டல் ஒரே அளவில் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாற்றம்தான் அதன் மையம். தங்கச்சிக்குக் குளியலறையில் நடந்ததை நினைத்தால் அதைப் போலவே ஒன்றை வீட்டில் செய்து பார்க்கவும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அம்மாவுக்குப் பிடித்த குரலை, பேஸைக் கொஞ்சம் குறைத்து, சத்தத்தைக் குறைவாக வைத்து, ஸ்பீக்கரிலேயே போட்டு நீங்களும் கூட உட்கார்ந்து கேட்பதில் ஒரு கெடுதலும் இல்லை. அதைச் சிகிச்சை என்று சொல்லாதீர்கள். "அம்மா, பாட்டு கேப்போம் வாங்கோ" என்றால் போதும்.

அதைவிட முதலில் அந்தக் குளிர்சாதனப் பெட்டியைப் பாருங்கள். பழையதா? தரையில் ஆடாமல் நிற்கிறதா? அடியில் ரப்பர் பட்டை வைத்தால் அதிர்வு குறையும். அம்மா படுக்கும் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

---

கிளாலிக்கரை
பதினொரு வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 10.30

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் எழுதவில்லை, மன்னியுங்கள்.

முதலில் குளிர்சாதனப் பெட்டி. பின்பக்கம் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. இழுத்து, அடியில் ரப்பர் வைத்தோம். சத்தம் போகவில்லை, மெலிந்தது. இத்தனை வருடம் அம்மாவைச் சமாதானப்படுத்திய நான் ஒருநாளும் பெட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பிறகு ஒருவரைக் கண்டுபிடித்தோம். தமிழர் இல்லை, ஆனால் நேரே வரக்கூடிய வயதான பெண். தேம்ஸ் தங்கச்சி சொன்னபடி கேட்டேன், "அம்மா வேண்டாம் என்றால்?" "அன்றைக்குத் தேநீர் குடிப்போம்" என்றார். ஆங்கிலப் பாட்டைவிட வாத்திய இசைத் தொகுப்பு இவருக்குப் பொருந்தும் என்று அதை எடுத்தார். முதல் இரண்டு கிழமை ஹெட்போனே இல்லை. அம்மாவின் உடம்பில் எங்கே தெரிகிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா வலது கைப் பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொள்வார். முப்பது வருடம் பார்த்த கை, கவனித்ததில்லை.

மூன்று நிமிடத்தில் தொடங்கினோம். இப்போது பன்னிரண்டு நிமிடம், கிழமைக்கு மூன்று நாள். கேட்கும்போது முருங்கையிலை ஆய்கிறார், நான் பக்கத்தில் ஆய்கிறேன். முடிந்ததும் வாத்தியார் ஐயா சொன்ன அந்தச் சும்மா இருக்கும் நேரம். அதில்தான் அம்மா கதைக்கிறார். போரைப் பற்றி இல்லை. கிணற்றடியில் நின்ற தேசிமரம், என் அம்மம்மாவின் குணம். நாலாம் கிழமை ஒருநாள் பெருவிரல் மறைந்தது, நிறுத்தினோம், அன்று இரவு முழுக்க அம்மா நித்திரை கொள்ளவில்லை. அந்தக் கிழமை தேநீர் மட்டும்.

மாற்றம் எது என்றால் சரியாகச் சொல்ல வேண்டும். பெட்டி ஓடினால் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறார். சில நாள் எழும்புவதில்லை, சில நாள் எழும்புகிறார். ஹெலிகொப்டர் வந்தால் பழையபடிதான். பேரன் கூப்பிடுவது முன்பைவிடக் கேட்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது வடிகட்டிய பாட்டாலா, ரப்பர் பட்டையாலா, நான் கிழமைக்கு மூன்று நாள் போனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதாலா, என்னால் பிரிக்க முடியவில்லை.

நீலாம்பரி அக்கா தாலாட்டைக் கேட்டிருந்தார். அம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்றார். போன சனி இரவு பேரனைப் படுக்க வைக்கும்போது கதவுக்கு வெளியே நின்றேன். "ஆராரோ ஆரிவரோ" என்று தொடங்கி, இடையில் என் தம்பியின் செல்லப்பெயரை வைத்துப் பாடினார். நான் உள்ளே போகவில்லை.

செவிச்செல்வம் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஹெட்போனின் பஞ்சு தோட்டை அழுத்திக் காது நோகிறது என்கிறார். தோட்டைக் கழற்றமாட்டார், அப்பா போட்டது. என்ன செய்யலாம்?

---

செவிச்செல்வம்
திங்கள், காலை 7.05

கழற்றச் சொல்லாதீர்கள். பஞ்சு அகலமாக, ஆழமாக இருக்கிற ஹெட்போன் கிடைக்கும், காது முழுக்க உள்ளே தொங்கும், தோட்டில் படாது. தோல் உறை வேண்டாம், துணி உறை பாருங்கள். கடைக்கு அம்மாவையே கூட்டிக்கொண்டு போய், தோட்டோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள்.